பூஜைக்குக் கழற்றிய ஒயர்

ஒயரைக் கழற்றியவன் உதயகுமார். வேலை போகவிருந்தது கந்தசாமிக்கு.

விசாரணை கண்ட்ரோல் ரூமிலேயே நடந்தது. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருந்த அந்த நூல் ஆலையின் மேனேஜர் கேசவமூர்த்தி நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. எதிரே பேனல் ஆபரேட்டர் கந்தசாமி. வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. சுவரோரமாக எலக்ட்ரீஷியன் உதயகுமார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நூற்பு ஷெட்டில் ஒரு கேபிள் ஷார்ட் ஆனது. அந்த நொடியே பெரிய பிரேக்கர் தானாக விழுந்து மின்சாரத்தை வெட்டியிருக்க வேண்டும். விழவில்லை. அதைத் தட்டிவிடும் பலம் பக்கத்து அறையின் பேட்டரிகளில் இருக்கிறது. அவை செத்துக் கிடந்தன. அவற்றுக்கு ஊட்டம் கொடுக்கும் சார்ஜர் ஃப்யூஸ் போய், பகல் முழுக்க நின்றிருந்தது.

கந்தசாமிதான் ஓடினார். புகைக்குள் கையை விட்டு பிரேக்கரைக் கையாலேயே இழுத்து விழ வைத்தார். ஷெட்டில் பாதி மிஞ்சியது. உள்ளங்கைத் தோல் மிஞ்சவில்லை.

ஆனால் கேசவமூர்த்தியின் கேள்வி வேறு. சார்ஜர் நின்றால் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ரிமோட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். அன்றைக்கு இரண்டு ஷிப்டும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் கந்தசாமி. என்ன செய்துகொண்டிருந்தார்?

"டெஸ்ட் மாடப்பா உதயகுமார்" என்று கன்னடம் கலந்து சொன்னார் கேசவமூர்த்தி. "எல்லாரும் பார்க்கட்டும்."

உதயகுமார் பெட்டியிலிருந்த சுவிட்சைத் திருப்பினான். பக்கத்து அறையில் சார்ஜர் நின்றது. மறுகணம் சிவப்பு விளக்கு. பஸ்ஸர் காதைக் கிழித்தது.

"இது கேக்கலையா கந்தசாமி உங்களுக்கு? பிணம் எழுந்து உட்காருமே!"

கந்தசாமி தலை குனிந்தார். "அடிச்சிருக்குங்க சார். நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்."

உதயகுமாரின் விரல் சுவிட்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். சார்ஜருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். இந்த வருஷம் அங்கேதான் வம்பு. சார்ஜர் நன்றாக ஓடும்வரை அதன் ரிலே அலாரத்தை அடக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றால் பிடியை விடும். விட்டால் அலறல். சார்ஜரே செத்தாலும் செய்தி வந்து சேர வேண்டும் என்று பிடிவாதமாக அப்படி இணைத்தவனே உதயகுமார்தான். பூஜைக்காக நிறுத்தியதும் ரிலேவுக்கு சாமியா, கோளாறா என்று என்ன தெரியும்? மந்திரத்துக்கு நடுவே பஸ்ஸர் ஊளையிட்டது.

"ஏன்ரீ இது! மொதலு ஆ கூகு நில்லிசி!" அந்த ஊளையை முதலில் நிறுத்தச் சொல்லி, புரோகிதர் மணியைக் கீழே வைத்துவிட்டார்.

உதயகுமார் ரிலேயிலிருந்து ரிமோட் பெட்டிக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றினான். விளக்கு, பஸ்ஸர் இரண்டும் அடங்கின. பூஜை முடிந்தது, பொரி கொடுத்தார்கள், மறுநாள் ஜம்பு சவாரி, யானை ஊர்வலம். லீவு முடிந்து சார்ஜரை ஓடவிட்டபோது அலறல் இல்லை. ஓடுகிற சார்ஜர் அலறாதுதானே? ஒயர் அவன் நினைவில் வரவேயில்லை.

தீ எரிந்த மாலை பேட்டரி அறைக்குள் முதலில் நுழைந்தவன் அவன்தான். டேப் சுற்றிய முனை டெர்மினலுக்குப் பக்கத்தில் தொங்கியது. வெளியே கூச்சல். டேப்பைப் பிய்த்தான். சொருகினான். திருகை இறுக்கினான்.

மூன்று வேலை. மறதி குற்றமாக மாறியது அதற்குள்தான்.

"காபி குடிச்சுட்டு வாங்க. அப்புறம் முடிச்சுடலாம்" என்றார் கேசவமூர்த்தி. கந்தசாமி தாமாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போலீஸ் வரை போகாது என்பது ஏற்பாடு.

கேண்டீன் வாசலில் லேத் பிரிவு ஆட்கள் வழிவிடுவது போல ஒதுங்கினார்கள்.

"கும்பகர்ண பந்த, நோட்ரோ!" என்று அவர் வருவதைக் காட்டினான் ஒருவன்.

"மெதுவா பேசுடா, முழிச்சுக்கப் போறாரு!"

கந்தசாமி திரும்பவில்லை. கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்று உதயகுமாருக்கு மட்டும் தெரியும். இருவருமே ஒரே ஊர், ஹனூர்க்காரர்கள். காது மந்தமாகிவிட்டதை கந்தசாமி அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"பஸ்ஸரு கேக்காதுதான் கண்ணு" என்றார், தம்ளரை இடது கையில் தடுமாறிப் பிடித்துக்கொண்டு. "அதனாலதான் லைட்ட உட்டுக் கண்ண எடுக்கவே மாட்டேன். அன்னிக்கும் பாத்துட்டேதான் இருந்தேன். சிவப்பே வரல. சத்தியமா வரலைன்னுதான் நெனச்சேன்."

"அண்ணா..."

"இப்ப நீ டெஸ்ட் பண்ணுனே, பளிச்சுன்னு எரியுது. மிஷினு பொய் சொல்லுமா? அப்ப நாந்தான் தூங்கிப் போட்டனாட்ட இருக்குது. தூங்குனதே தெரியாம ஒரு மனுசன் தூங்குவானா? எனக்கு என்னைய நெனச்சாலே பயமா இருக்குது."

வேலை போவதைக்கூட அந்த மனிதர் பொருட்படுத்தவில்லை. தன் கண்ணையே நம்ப முடியாமல் நின்றார்.

கந்தசாமி கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினார். உதயகுமார் பேட்டரி அறைக்குள் போனான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

அவன் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தபோது கந்தசாமி இடது கையில் பேனாவோடு போராடிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொரு டெஸ்ட்."

"எதுக்கு?"

உதயகுமார் சுவிட்சைத் திருப்பினான். சார்ஜரின் உறுமல் அடங்கியது. விளக்கு எரியவில்லை. பஸ்ஸர் அலறவில்லை.

கேசவமூர்த்தி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "என்னாச்சு?"

"ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் இருந்துச்சு சார். ஒயர் கழண்டிருந்துச்சு."

"கழட்டினது யாரு?"

"நான். பூஜை அன்னிக்கு. மாட்ட மறந்துட்டேன்."

கேசவமூர்த்தி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அவர் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "காலைல வேலை செஞ்சுதே. திரும்ப மாட்டினது?"

இந்தக் கேள்விதான் கஷ்டம்.

"அதுவும் நாந்தான். தீப்பிடிச்ச அப்புறம்."

"ஹொரகடே ஹோகு" என்றார் கேசவமூர்த்தி. கதவைக் காட்டினார்.

உதயகுமார் நகரவில்லை. கந்தசாமி எழுந்து பெட்டியின் முன்னால் வந்து நின்றிருந்தார். வாயசைவைப் பார்த்தே எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். எரியாத விளக்கின் மேல் இடது கைவிரலை வைத்தார்.

"அப்ப நான் தூங்கல."

"இல்லீங்கண்ணா."

"மறந்தது போவட்டும், ஆருக்கும் வர்றதுதான். மறுக்கா மாட்டுனியே கண்ணு... அப்ப என்ற மூஞ்சி உனக்கு நெனப்பு வரலியா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதற்றம், பயம், ஒன்றும் தோன்றவில்லை என்று. அதைக்கூட அவர் நம்பியிருப்பார்.

"வந்துச்சுங்கண்ணா" என்றான் உதயகுமார். "வந்தப்புறம்தான் திருகை இறுக்குனேன்."