நோரீனின் அக்கா

லிவர்பூலிலிருந்து ஊர் திரும்பிய வருடம் நோரீன் தன் வயதில் எட்டைக் கழித்துவிட்டாள். யாரும் துருவிக் கேட்கவில்லை, அவளும் திருப்பிச் சேர்க்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா வந்துதான் வம்பாகிவிட்டது. எழுபது தாண்டியவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது என்று டப்ளினில் அரசாங்கம் சொல்லிவிட்டது. ஊர்க்கணக்கில் நோரீனுக்கு அறுபத்தெட்டு. நிஜத்தில் எழுபத்தாறு.

தனிக்கட்டை வேறு. வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். தேவாலயக் கூடத்தில் சமைத்ததை, அடைபட்ட கிழங்களுக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் கேட்டபோது முதல் ஆளாய்ப் போய் நின்றாள். அந்தக் கிழங்களில் பாதிப் பேர் அவளுக்கு இளையவர்கள். பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் வாசற்சுவரில் வைத்துவிட்டு, வயசான உடம்பு, ஜாக்கிரதை என்று கூசாமல் புத்தி வேறு சொல்வாள்.

கூடத்தை நடத்தியவள் கிரானியா. நாற்பது வயது, நல்ல மனசு. ஆனால் எழுபது என்றால் கை பட்டாலே உடைந்துவிடும் என்ற நினைப்பு. ஊருக்கே பஸ் ஓட்டிய டோனல் உதவிக்கு வந்தபோது, “இனிமே நீங்க வாங்கிச் சாப்பிடுற ஆளு” என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மனுஷர் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. எப்படித்தான் வாய் வந்ததோ! அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் நோரீன் காரை விரட்டிக்கொண்டு போய்விடுவாள்.

சாப்பாடு வாங்கும் கிழங்களில் ஒருவனான மலக்கியின் எழுபத்தாறாவது பிறந்தநாளன்று கிரானியாவும் கேக்கோடு நோரீனுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். மலக்கியின் அண்ணன் மகள் ஜன்னலில் பலூன் கட்டி, நடுவில் ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தாள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை நாள். வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பிள்ளைகள். மலக்கிக்குப் பக்கத்தில், முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விட்ட ஒரு சிறுமி.

அந்தச் சந்து இன்றும் அப்படியே இருக்கிறது. நோரீன் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கிரானியா படத்தைப் பார்த்தாள், நோரீனைப் பார்த்தாள்.

“யாரு இந்தப் பொண்ணு?”

ஜன்னலுக்குள் மலக்கி திருதிருவென்று விழித்தான். “அதுவா, நோரீனோட அக்கா.”

நோரீன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

“உயிரோட இருக்காங்களா?”

“ஜம்முனு இருக்கா” என்றான் அந்தப் புளுகன்.

கிரானியா படத்தை இன்னொரு முறை பார்த்தாள். கேக்கைச் சுவரில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தொலைந்தது வேலை, நாளையிலிருந்து நமக்கும் திரை போட்ட ஜன்னல்தான் என்று நோரீனுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் கார் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவள் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியில் வழக்கத்தைவிட ஒரு பொட்டலம் கூடுதலாக இருந்தது.

“உங்க அக்காவுக்கு” என்றாள் கிரானியா, நறுக்கிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே. “எழுபது தாண்டியாச்சுல்ல? சூடா சாப்பிடச் சொல்லுங்க. யார்கிட்டயும் ஒட்டி நிக்காம, கையை நல்லாக் கழுவச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று நோரீன் தலையாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

“டோனலுக்குக்கூட ஒரு தம்பி இருக்காரு. வண்டி நல்லா ஓட்டுவாரு.”

கிரானியாவின் கத்தி நின்றது.

“வரச் சொல்லுங்க” என்றாள்.

அன்று மத்தியானமே தம்பி வந்துவிட்டார், அண்ணனுடைய பஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு.