தொட்டி வாயில் உட்கார்ந்தவள்

அந்த விமானப்படைத் தளத்தில் மேஜர் ரவ்ஷானை விரும்பியவர்கள் குறைவு. தளத்தின் சுகாதார அதிகாரி அவள்; வேலை அப்படி. சமையற்கூடத்தில் நுழைந்து இறைச்சியை முகர்ந்து பார்ப்பாள். குடிதண்ணீரில் குளோரின் குறைந்தால் குழாயையே மூடிவிடுவாள். ஓடுபாதையில் காதடைப்பான் இல்லாமல் நிற்பவனைத் திருப்பி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்பிப் புல்வெளியில் மர்மோட் என்ற பெரிய நில அணிலை வேட்டையாடக் கிளம்புகிறவர்களை, கொள்ளைநோய் ஒட்டிக்கொண்டு வரும் என்று கேட்டிலேயே மறிப்பாள். சிப்பாய்கள் அவளுக்கு 'மேஜர் கூடாது' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் கடைசி. தண்ணீர் நிலையத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தவள், எரிபொருள் கிடங்கில் ஒரு நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடப்பதைக் கண்டாள். முகமூடிகளும் காற்று சிலிண்டர்களும் வந்து சேராமல் அந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. தலைநகரிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்பதால், கிடங்கு அதிகாரி ஒருநாள் முன்கூட்டியே சுத்தம் செய்ய ஆள் அனுப்பியிருந்தார்.

"வண்டியைத் திருப்பு" என்றாள் டிரைவரிடம்.

ஜீப் நிற்பதற்குள்ளேயே அலறல் கேட்டது. சார்ஜெண்ட் தல்காத் தொப்பி இல்லாமல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். கூட இருந்த இரண்டு சிப்பாய்கள் உறைந்துபோய் நின்றார்கள்.

"மேடம், பெய்பித் உள்ள விழுந்துட்டான்! சுரண்டி உள்ள விழுந்துச்சு, எடுத்துட்டு வந்துடறேன்னு இறங்கினான். ஏணியிலேருந்து அப்படியே சரிஞ்சுட்டான்!"

பெய்பித், தல்காத்தின் தங்கை மோல்திரின் கணவன். மச்சானும் மச்சானும் ஒரே பிரிவில் சார்ஜெண்டுகள். ரவ்ஷான் குடியிருக்கும் அதே கட்டடத்தில், அவளுக்கு நேர்மேல் வீடுதான் பெய்பித்துடையது.

சொல்லி முடித்த கையோடு தல்காத் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். ரவ்ஷான் அவன் காலரைப் பிடித்து மல்லாக்க இழுத்துப் போட்டாள். டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்: "தீயணைப்பு நிலையத்துக்குப் போ! முகமூடியோட ஆளுங்களக் கூட்டிட்டு வா! பறந்துட்டு வா!"

ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது தீயணைப்பு நிலையம். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கயிற்றில் கொக்கி கட்டி இறக்கச் சொன்னாள். சிப்பாய்கள் மாறி மாறி வீசிப் பார்த்தார்கள். பெய்பித் ஏணிக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து கிடந்தான். கொக்கி அவன் பக்கமே போகவில்லை.

தல்காத் எழுந்து மறுபடி வந்தான்.

"நான் இறங்கறேன். மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடுவேன்."

"முடியாது தல்காத். அவனத் தூக்கும்போது நீ மூச்சு விட்டே ஆகணும். உள்ள முழுக்க எரிபொருள் ஆவி. ஒரே இழுப்பு, நீயும் விழுவ. உன்னத் தூக்க இந்தப் பையன் இறங்குவான், அவனும் விழுவான்."

"என் மச்சான் மேடம்!"

"தெரியும்."

பேச்சால் அவனை நிறுத்த முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. அவன் ஆறடி ஆள். அவள் தொட்டியின் வாயில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டு, விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். அவளைத் தூக்கி எறியாமல் இனி யாரும் இறங்க முடியாது.

அவன் தூக்கித்தான் பார்த்தான். தோளைப் பிடித்து உலுக்கினான். "நகருங்க மேடம்" என்றது "நகரு" ஆனது, பிறகு "நகருடி, பாவி!" ஆனது. முதுகில் ஒரு குத்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அவள் அந்தச் சிப்பாய்களைப் பார்த்து, "பிடிங்கடா அவனை" என்றாள். அவர்கள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார்கள்.

கீழிருந்து வந்த ஆவி அவள் கண்ணை எரித்தது. முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அசதியில் தூங்குபவனின் குறட்டை போல, கீழே இருட்டிலிருந்து. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

தானே இறங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கால்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தன. உடம்பை ஒரு முழம் முன்னால் தள்ளினால் போதும். அவள் விரல்கள் விளிம்பை விட மறுத்தன. மேலே தல்காத் மச்சானின் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டே இருந்தான். கீழே அந்த இழுப்புகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஜீப்பின் ஹாரன் ஓடுபாதையைத் தாண்டி வரும்போது கடைசியாக ஒரு இழுப்பு. அதன்பிறகு ஒன்றுமில்லை.

முகமூடி போட்ட ஆட்கள் இறங்கி பெய்பித்தை மேலே கொண்டுவந்தார்கள். புல்லில் கிடத்தி அவளே நெஞ்சை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்து, டாக்டர் அவள் தோளைத் தொட்டு "போதும்" என்று சொல்லும்வரை அழுத்தினாள்.

மறுவாரம் தளபதி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார்.

"ஒருத்தர் போயிட்டார். நீங்க இல்லேன்னா நாலு பேர் போயிருப்பாங்க. உங்க பேரைப் பதக்கத்துக்குச் சொல்லியிருக்கேன், ரவ்ஷான்."

"எனக்குப் பதக்கம் வேண்டாம் சார். மாற்றல் குடுங்க. எந்த ஊரானாலும் சரி."

"இப்பவா? நீங்க இப்பப் போனா, என்னவோ தப்பு நடந்த மாதிரி ஆயிடும்."

"தப்பு நடந்துதான் இருக்கு சார். முகமூடி வராம மூடியைத் திறந்தாங்க."

"அதை நான் பாத்துக்கறேன்" என்று அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பார்த்துக்கொண்டார். கிடங்கு அதிகாரிக்குத் தலைநகரில் ஒரு அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் சடங்குக்கு மேல்வீட்டில் எண்ணெய் காயும் வாசனை காலையிலிருந்தே படிக்கட்டில் இறங்கி வந்தது. இறந்தவர்களுக்காகச் சுடும் ஷெல்பெக் ரொட்டி. போகாமல் இருக்க முடியாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள். கதவைத் திறந்தது தல்காத். அவன் கதவைப் பின்னால் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றான். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உங்கள அடிச்சேன்" என்றான்.

"அடிச்ச."

"அதுக்கு மன்னிப்புக் கேக்கல. இன்னொண்ணு கேக்கணும். விழுந்தவுடனே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நான் கத்திக்கிட்டே இருந்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்க வாய்மேலயே உக்காந்திருந்தீங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவள் பொய் சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

"கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஜீப்பு திரும்பி வர்ற வரைக்கும்."

அவன் சுவரில் சாய்ந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"மோல்திருக்குத் தெரியக் கூடாது" என்றான். "உள்ள வாங்க."

மோல்திர் அவளுக்குத் தன் பக்கத்திலேயே இடம் போட்டாள். பாலூற்றிய தேநீரை இரு கைகளாலும் நீட்டினாள்.

"அக்கா, நீங்கதானே அவர் பக்கத்துல இருந்தீங்க. அவருக்கு வலியே தெரியலயாமே. தூங்கற மாதிரிப் போயிட்டாராமே. நிஜமா?"

எதிரே தல்காத் ரொட்டியைப் பிய்த்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜம்தான் கண்ணு" என்றாள் ரவ்ஷான். "உடனே போயிட்டாரு."

மோல்திர் அழுதாள். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அன்றிலிருந்து மோல்திர் தினமும் கீழ்வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாம் படிக்கட்டில் ரவ்ஷானைக் கண்டால் வணங்கி ஒதுங்கிப் போனார்கள். மோல்திர் மட்டும் சாயங்காலமானால் ஒரு தட்டு பவுர்சாக் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். சமையலறை மேசையில் எதிரே உட்காருவாள். முதலில் தண்ணீர், விலைவாசி, குளிருக்குக் கட்டடத்தில் ஹீட்டர் எப்போது போடுவார்கள் என்று பேசுவாள். அப்புறம் குரல் தணியும்.

"அக்கா, அன்னிக்கு நடந்தத இன்னொரு தடவ சொல்லுங்களேன். உங்ககிட்ட கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

ரவ்ஷான் எழுந்து அடுப்பில் கெட்டிலை வைப்பாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பிப்பாள்.