வரிசையில் சுடலைமணி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, படியேறி வந்தது. மட்டாஞ்சேரியில் எனக்குக் கீழ்வீட்டுக்காரி வசந்தி போன வாரம் வந்து கேட்டாள்: "அண்ணாச்சி, உங்க தொடர்கதையில அடையாள அணிவகுப்பு வருமே, அதுல நெசமா என்ன நடக்கும்?"

என் கதைகளில் சாட்சி விரலை நீட்டுவார், அத்தியாயம் முடிந்துவிடும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அவள் அண்ணன் சுடலைமணி, என்னோடு படித்தவன், திருட்டு வழக்கில் சப்-ஜெயிலில் இருக்கிறான். புதன்கிழமை அவனை வேறு சிலரோடு வரிசையில் நிறுத்தப்போகிறார்கள். சாட்சி அவனைக் காட்டினால் வழக்கு இறுகும். காட்டாவிட்டால் வீடு திரும்புவான். (சட்டத்தில் இவ்வளவு சுலபமில்லை. கதைக்கு வைத்துக்கொள்வோம்.)

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'அடைமழை. பழம்பொருள் கடையிலிருந்து ஒரு கறுத்த உருவம் பாய்ந்து—'

வசந்தி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

"உருவம்னா போதாதா? கறுத்தன்னு எதுக்கு?"

"மழை இருட்டும்மா. எல்லாமே கறுப்பாத்தான் தெரியும்."

"அப்போ பின்னால துரத்துற போலீசும் கறுத்த போலீசோ?"

வரியையே வெட்டிவிட்டேன்.

3

காணாமல் போனது ஓர் இரும்பு உண்டியல் பொம்மை. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தது. கறுத்த மனிதனின் தலை, வெள்ளை முழி, வீங்கிய சிவப்பு உதடு. அதன் கையில் காசை வைத்து நெம்பினால் வாயில் போட்டு முழுங்கிவிட்டுக் கண்ணை உருட்டும். பள்ளி விட்டதும் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எல்லாரும் சிரிப்போம். சுடலைமணியும் சிரித்தான், அவனுக்கே 'உண்டியல்' என்று பெயர் விழும்வரை. பிறகு அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனான்.

(அடிக்குறிப்பு: கணக்கு சார்கூட ஒருநாள் வருகைப்பதிவில் அப்படியே கூப்பிட்டார். 'உள்ளேன் ஐயா' என்றும் பதில் வந்தது.)

அந்தப் பட்டப்பெயரை யாரோ ஸ்டேஷனில் சொல்லிவைக்க, போலீசுக்குக் காரணம் கிடைத்தது: சின்ன வயதுக் கோபம். சாட்சி, கடையில் வேலைபார்க்கும் சிஜு. அவன் மலையாளத்தில் சொன்னது: "கறுத்த ஒரு பாண்டி. மழயத்து ஓடிப்போயி."

பாண்டி என்றால் இங்கே தமிழன், மரியாதையாகச் சொல்வதில்லை. இந்த வர்ணனைக்குப் பொருந்துகிறவர்களை நிறுத்தினால் வரிசை படகுத்துறை வரை போகும். நானும் நிற்பேன்.

4

முடிவு (அ): வரிசையில் எல்லாரும் ஒரே நிறம். சிஜு திணறுகிறான்.

"ஒரே நிறத்து ஆளுங்களை யாரு பிடிக்கது?"

"மாஜிஸ்திரேட் பாத்துப்பார். சாயல் ஒத்திருக்கணும்னு விதி."

"விதி இருக்கும், ஆளு கிட்டணுமே. கலூர்ல எங்க மாமன் மச்சானை இறக்கட்டா? எல்லாம் நல்ல கரிக்கட்டை."

முடிவு (ஆ) அவளுடையது: "அன்னைக்கு அண்ணனுக்குப் பவுடர் பூசிவிட்டா?"

"சாம்பல் கலர்ல ஒருத்தன் மட்டும் நின்னா சிஜு கண்ணை மூடிட்டே காட்டுவான்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணன் சொல்லுது, 'நான் எடுத்திருந்தா வச்சிருக்க மாட்டேன், சம்மட்டியால உடைச்சிருப்பேன்'னு."

(இதை வெளியே சொல்லக் கூடாது என்று வக்கீல் உத்தரவு. நீங்களும் சொல்லாதீர்கள்.)

"எடுத்தானா?"

"நான் கேக்கல அண்ணாச்சி. அந்தச் சிஜு சேட்டன் மொகத்தைப் பாத்திருந்தா காட்டட்டும். மொகத்தைப் பாக்கலைன்னா, பாக்கலைன்னு சொல்லட்டும்."

5

முடிவு (இ) உங்கள் கையில். சிஜுவுக்குக் காய்ச்சல், அவனுக்குப் பதில் நீங்கள். (விதியில் இதற்கு இடமில்லை. கதையில் உண்டு.) எட்டுப் பேர் நிற்கிறார்கள். மாஜிஸ்திரேட் சொல்கிறார்: "ஓடியவனைத் தொட்டுக் காட்டுங்கள்."

சுடலைமணி நெட்டையா, குட்டையா? மீசை உண்டா? நான் சொல்லவே இல்லை. மேலே தேடிப் பாருங்கள், கிடைக்காது.

ஆனாலும் உங்கள் கை ஒருவர் பக்கம் போகிறதே?

வெளியே கேட்டருகே வசந்தி நிற்கிறாள். அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.