ஒரு ஓட்டைகூடப் போடாமல்

மாமா தமாத்தி போட்ட நிபந்தனை இதுதான். அவர் மகள் கல்யாணத்தில் அவருடைய அந்தப் பழைய பாஸ் கிதாரை மருமகள் ஹேனி சுருதி பிசகாமல் வாசிக்க வேண்டும். மரத்தில் புதிதாக ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. செய்துகாட்டினால் கிதார் அவளுக்கு. இல்லாவிட்டால் மறுபடி பெட்டிக்குள், மாமாவின் கட்டிலுக்கடியில்.

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், டோகோமாரு கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்தது. எந்தக் கம்பியையும் சுருதிக்கு நகர்த்த வழியில்லை. புதுசு ஒன்று வாங்கினாள். கர்மம், அதன் திருகாணி ஓட்டைகள் பழைய ஓட்டைகளோடு ஒத்துப்போனால்தானே!

"ரெண்டே ரெண்டு ஓட்டைதான்க்கா!" டிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான் தம்பி ஹோஹேபா. "பிரிட்ஜுக்கு அடியில மறைஞ்சிடும். மாமா என்ன எக்ஸ்ரேயா எடுக்கப்போறாரு?"

"அதைக் கீழ வைடா. வீட்டுச் சுவரையே சல்லடையாக்குனவன் நீ."

அவள் ஒரு பித்தளைத் தகடு வெட்டினாள். பழைய ஓட்டைகளில் தகட்டைப் பூட்டி, தகட்டின்மேல் புது பிரிட்ஜைப் பூட்டினாள். மரத்துக்குக் கீறல்கூடக் கிடையாது. ஆனால் தகட்டின் கனத்தில் கம்பிகள் எகிறி நின்றன. கிதாரின் கழுத்தைக் கழற்றி, பொருத்துக்குள் பீர் கோப்பை வைக்கிற அட்டையில் ஒரு துண்டைச் செருகினாள். கழுத்து லேசாகப் பின்னால் சாய்ந்தது, கம்பிகளும் விரலுக்கு எட்ட இறங்கின. அத்தோடு விட்டிருக்கலாம். கல்யாணமாச்சே என்று தகட்டைத் தேய்த்து, இருபுறமும் வார்னிஷ் வேறு அடித்தாள்.

கல்யாணத்தன்று குழியில் வெந்த ஆட்டுக்கறியும் கூமராக் கிழங்கும் தின்றுவிட்டு மராயே என்கிற பொதுக்கூடத்தில் ஊரே ஆடத் தயாராக நின்றது. ஹேனி ஆம்ப்பைப் போட்டாள். ஙொய்யென்று ஒரே இரைச்சல்.

"என்னடி, தேன்கூட்டைக் கலைச்சிட்டியா?" என்றார் மாமா. கூடம் கொல்லென்று சிரித்தது. கிதார் மறுபடி கட்டிலுக்கடியில் போவது ஹேனி கண்ணில் தெரிந்தது.

கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையவில்லை. எர்த் வயர்! பிரிட்ஜுக்கு அடியில் மரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் அந்த வயர் உலோகத்தைத் தொட்டால்தான் இரைச்சல் அடங்கும்; இப்போதோ வயருக்கும் தகட்டுக்கும் நடுவில் இவள் அடித்த வார்னிஷ். அடச்சே, அழகு காட்டப் போய் வந்த வினை!

அத்தனை பேர் முன்னாலும் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜையும் தகட்டையும் கழற்றினாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையேறினார். வெறும் மரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஓட்டைங்கதான்," என்றார். "சீக்கிரம் பூட்டுடி. பொண்ணு ஆடணும்னு நிக்கிறா."

ஹேனி தகட்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்குரூ டிரைவரால் பரபரவென்று சுரண்டினாள். எல்லாவற்றையும் பூட்டி, சுருதி கூட்டி, ஆம்ப்பைப் போட்டாள். இரைச்சலே இல்லை. பிறகு வாசித்தாள் பாருங்கள்! கழுத்தின் கோடிவரை விரல் ஓடியது; ஒரு ஸ்வரம் பிசகவில்லை. மணப்பெண் செருப்பை உதறிவிட்டு ஆட, கூடமே பின்னால் ஆடியது.

"என் கிதாரைப் பாருங்கடா!" என்று கத்திய மாமா, சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். "இல்லயில்ல, அவ கிதாரு! என் மருமக கிதாரு!"