ஆறு வோல்ட் ஹாரன்

ஊதுவதற்கு முன்னால் அந்த ஹாரன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும். பேச எழுந்தவர் கனைத்துக்கொள்வது மாதிரி இருக்கும். பிறகுதான் சத்தம் வரும். அதுவும் நேராக வராது, சல்லடையில் சலித்துவிட்டது போலக் கரகரவென்று வரும்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டோரத்தில் இருந்தது, இரும்புத் தகடு அடிக்கும் அந்த பிரஸ் ஷாப். ஷிப்ட் முடிந்ததைச் சொல்ல ஒரு சங்கு வாங்கித் தருவதாக முதலாளி வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதோடு சரி. ஆவணி மாதத்தில் சூப்பர்வைசர் புருஷோத்தமன் எங்கிருந்தோ ஒரு பழைய கார் ஹாரனைக் கொண்டுவந்தான். பித்தளைக் குழாயைப் புளி போட்டுத் தேய்த்து, ஸ்டோர் ரூம் வெளிச்சுவரில் மாட்டி, பேட்டரியும் கொடுத்தான். எங்கே பிடித்தது என்று கேட்டவர்களிடம் "புதுப்பேட்டையில, பழைய வண்டி சாமான் கடையில" என்றான்.

அது முதல்முதலாக ஊதிய சாயங்காலம், கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்சவல்லி கையிலிருந்த குண்டானை அப்படியே போட்டுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தலையில் பூ இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், நேராக வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள். அங்கே யாரும் இல்லை. மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். லைனில் வேலை செய்த பெண்களுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

"யக்கோவ், மாமா வந்துட்டாரு. ஓடு, ஓடு."

"எம் மாமன் வர்றது இருக்கட்டும்டி. உன் மாமன் டீக்கடையில குந்திகினு கீறான், அவன மொதல்ல வூட்டுக்கு இட்டும்போ" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஆனால் நடை நிற்காது.

மழை பிடித்த பிறகு இன்னொன்றும் நடந்தது. யாரும் சுவிட்சைத் தொடாமலே ஹாரன் சில நேரம் செருமியது. ஊதாது, செருமலோடு நின்றுவிடும். சுவிட்சில் ஈரம் இறங்கிவிட்டது என்றான் புருஷோத்தமன். அப்படிச் சொல்லும்போது அவன் அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை என்பதை ஸ்டோரில் உட்கார்ந்திருந்த கலைமதி கவனித்தாள். கவனித்தாளே தவிர, தான் சரியாகத்தான் கவனித்தோமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

கலைமதியின் சுபாவமே அப்படி. நட்டு, போல்ட்டை எண்ணினால் மூன்று தடவை எண்ணுவாள். பூட்டிய பிறகும் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் பாகங்களைப் பற்றிய வகுப்புக்குப் போய், ஆண்கள் மத்தியில் ஒற்றைப் பெண்ணாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்காமல் வருவாள்.

அவளிடம்தான் அம்சவல்லி ஒரு மத்தியானம் வந்து நின்றாள்.

"பாப்பா, நீ மோட்டார் வேலை படிக்கிறியாமே."

"பார்ட்ஸ் பேரு, நம்பரு, அவ்ளோதாங்க்கா."

"அது போதும். அந்த ஹாரன் எந்த வண்டிதுன்னு பாத்து சொல்லு. எங்க வூட்டுக்காரரு ஓட்டுன வண்டிதா, இல்லியா. வேற ஒண்ணும் வாணாம்."

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசியில், மணிமங்கலத்துப் பண்ணையார் ஒருவரின் பிளிமத் காரை அம்சவல்லியின் புருஷன் ரகுபதி ஓட்டிக்கொண்டிருந்தான். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகளையும் மருமகனையும் தலைதீபாவளிக்கு அழைத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். கொட்டுகிற மழையில் கிளம்பிப் போனவன் வாலாஜாபாத் போய்ச் சேரவில்லை. தாம்பரத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன், முன் சீட்டில் ஒரு பொம்பளை இருந்தாள் என்று ஊரில் ஒருவன் சொன்னான். அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. தேடினவர்கள் அத்தனை பேரும் கிழக்கே, தாம்பரம் பக்கமே போய்த் தேடினார்கள்.

"வண்டிய வித்துட்டு எவளோடயோ பூட்டான்னு ஊரே சொல்லிச்சி. நான் நம்பல. அத நம்பலன்னா இன்னா அர்த்தம்? ஆளு செத்துட்டாருன்னு அர்த்தம். அதையும் நம்பல. ரெண்டயும் நம்பாதயே பொட்டு வெச்சிகினு கீறேன். இப்ப ஒண்ண தெரிஞ்சிக்கணும்."

கலைமதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டால் அம்சவல்லி பழையபடி இருப்பாள். ஆமாம் என்றாலோ, புதுப்பேட்டையில் கிடைத்த ஹாரன் அது. வண்டி விற்கப்பட்டது, ஊர் சொன்னதுதான் நிஜம் என்று ஆகிவிடும். தப்பாக ஆமாம் சொல்லிவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஹாரனை இறக்கி மேஜையில் வைத்துப் பார்த்தாள். அடிப்பாகத்தில் ஆறு வோல்ட் என்று அடித்திருந்தது. புருஷோத்தமன் கார் பேட்டரி கொடுக்காமல் புல்லட் மோட்டார் சைக்கிள் பேட்டரி கொடுத்ததன் காரணம் புரிந்தது. வகுப்பு ஆசிரியரைக் கேட்டதற்கு, ஐம்பதுகளின் நடுவரை வந்த கார்களில் ஆறு வோல்ட்தான், பிளிமத்தும் அதில் சேர்த்தி என்றார்.

"அந்தக் காலத்து வண்டிதாங்க்கா. ஆனா அப்படி எத்தினியோ வண்டி ஓடியிருக்கும்."

"சத்தம் எனக்குத் தெரியும் பாப்பா."

"உள்ள காயில் கம்பி புதுசா சுத்தியிருக்கு. சத்தத்த வெச்சி சொல்ல முடியாதுங்க்கா."

அம்சவல்லி வாதாடவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விட்டாள். அங்கே சிமென்ட் தரை மழைக்கு மழை உள்வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் பூசியும் நிற்கவில்லை. அவள் ஊற்றுகிற தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடாமல் அந்தப் பள்ளத்திலேயே சுழித்து இறங்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் கலைமதியின் வீட்டில் அம்மா லட்டுக்குப் பூந்தி தேய்த்தாள். வாணலிக்கு மேலே பூந்திக் கரண்டியைப் பிடித்து மாவை ஊற்ற, முத்து முத்தாக எண்ணெயில் விழுந்தது. மாவு தீர்ந்ததும் அம்மா கரண்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கலைமதி அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹாரனின் வாயில் ஒரு பித்தளை வட்டம் இருந்தது. கம்பெனியே வைத்த மூடி என்று நினைத்து அதை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கம்பெனி மூடியில் ஓட்டைகள் ஆணியால் குத்தினது போல ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருக்கும்?

பண்டிகை முடிந்து வேலைக்கு வந்ததும் அம்சவல்லியைத் தேடிப் போனாள். பூந்திக் கரண்டி என்ற வார்த்தையைத் தான் சொல்லிவிடக் கூடாது, அது அவள் வாயிலிருந்தே வர வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

"அக்கா, அந்த ஹாரன்ல உங்க வூட்டுக்காரரு எதுனா கைவேலை பாத்தாரா?"

அம்சவல்லி யோசித்தாள். பிறகு அவள் முகம் இளகிச் சிரிப்பு வந்தது.

"அத ஏன் கேக்குற. குளவி உள்ள பூந்து மண்ணுக்கூடு கட்டிடுதுன்னு என் பூந்திக் கரண்டிய வெட்டி ஹாரன் வாயில வெச்சி ஈயத்தால பத்தவெச்சிட்டாரு. கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. அந்த வருசம் எங்க வூட்ல பூந்தி இல்ல. வண்டிக்கு இருமல் வந்த மாதிரி சத்தம் ஆயிடிச்சி. தெருமுனையில திரும்பும்போதே நான் கண்டுக்குவேன்."

"மிச்சம் எங்கக்கா?"

"காம்பா? கீதே. அதாலதான் அடுப்புச் சாம்பல் வாரிகினு கீறேன்."

மறுநாள் அதைக் கந்தலில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒரு முழ நீளப் பித்தளைக் காம்பு. முனையில் வெட்டு கோணலாக இறங்கி ஓரிடத்தில் பல்லுப் போலத் துருத்திக்கொண்டிருந்தது. கலைமதி ஹாரனைக் கழற்றி அந்த வட்டத்தின் விளிம்பைத் துடைத்தாள். ஒரு பக்கத்தில் அதே கோணல் இருந்தது, பல்லுக்கு இடம் விட்ட பள்ளமும் இருந்தது. காம்பை வைத்தாள். பொருந்தியது. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மூன்றாவது தடவை வைக்கப் போனபோது அம்சவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் பாப்பா. அப்ப வித்துதான் பூட்டாரா?"

கலைமதி அதற்குள் ஹாரனைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள். வட்டத்துக்குப் பின்னால், பித்தளை வளைகிற மடிப்பில், பென்சில் முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கறுப்பாக, இறுகிப்போன சேறு வந்தது. சேற்றில் மிளகு அளவுக்கு வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள்.

அவற்றை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு புருஷோத்தமனின் மேஜைக்குப் போனாள். அம்சவல்லியும் பின்னாலேயே வந்தாள்.

"புதுப்பேட்டையில எந்தக் கடை சார்?"

"எதுக்கு?"

"இது கார் ஓடும்போது படிஞ்ச தூசி இல்ல சார். தண்ணிக்கடியில கெடந்திருக்கு."

அவன் காகிதத்தைப் பார்த்தான். பிறகு அம்சவல்லியின் கையிலிருந்த காம்பைப் பார்த்தான். பிரஸ் ஒன்று அடித்து ஓய்ந்தது. காகிதத்தை அவள் பக்கமே தள்ளினான்.

"கடையெல்லாம் இல்ல. இங்கதான் இருந்திச்சி."

கேன்டீனுக்குக் கொட்டகை போட ஆனி மாதத்தில் பின்பக்கம் தோண்டினார்கள். ரோட்டை ஒட்டி ஒரு பழைய கிணறு, என்றைக்கோ பெய்த மழையில் கரை சரிந்து மூடிப்போய், கோரை முளைத்துக் கிடந்தது. உறுதியான தரை வேண்டும் என்று சேற்றை வாரியபோது மண்வெட்டி இரும்பில் பட்டது.

"காரு. தலைகுப்புற கெடந்திச்சி. மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுலேந்து இந்தப் பக்கம் எதுன்னாலும் போலீசு வந்து நிக்குது. மொதலாளி பயந்துட்டாரு. மேல கெடைச்ச வரைக்கும் வெட்டி எட காசுக்கு போட்டுட்டு, மண்ணக் கொட்டி மூடுன்னாரு. ஹாரன் பித்தளையாச்சேன்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

"உள்ள ஆளு?" என்று கேட்டாள் கலைமதி.

"உள்ள பூரா சேறு. ஸ்டீரிங்காண்ட கொஞ்சம் காக்கித் துணி தெரிஞ்சிச்சி. அதுக்கு மேல நான் பாக்கல. பாக்க முடியல. யாருன்னு எனக்கு சத்தியமா தெரியாதுக்கா. தினம் அத நான்தான் ஊதுறேன், நீ கேட்டுக்கு ஓடுற. எனக்கு தூக்கம் பூடிச்சி."

அம்சவல்லி வெளியே நடந்தாள். கழுவுமிடத்தில் பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். இரண்டு பேரும் போய்ப் பக்கத்தில் நின்றார்கள்.

"இங்கியா?"

"ஆமாக்கா."

"வந்தவர கீழ வெச்சிகினு, நான் கேட்டாண்ட போய்ப் போய் எட்டிப் பாத்துகினு இருந்திருக்கேன்."

அவள் அழவில்லை. காம்பைத் திரும்பக் கந்தலில் சுற்றினாள். புருஷோத்தமன் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"இதயா பாக்குற? எடுப்பேன் தம்பி. ஆனா ஊரு சொன்ன பேச்ச ஊரு மொதல்ல எடுக்கட்டும். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னாங்க இல்ல, அத. நீ வந்து சொல்லு. நான் சொன்னா பொண்டாட்டி பேச்சும்பாங்க. கண்ணால பாத்தவன் நீதான்."

"வேல பூடும்க்கா."

"பூடும்" என்றாள் அம்சவல்லி.

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஹாரன் இருந்த சுவரில் நாலு ஆணித்துளைதான் இருந்தது. ஞாயிறு முழுக்க மழை. கலைமதி வீட்டில் உட்கார்ந்து, அந்தக் காம்பு நிஜமாகவே பொருந்தியதா, தான் பொருத்திப் பார்த்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை புருஷோத்தமன் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஆபீஸ் அறையில் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். அம்சவல்லி வந்தாள். தலையில் பூ இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடம் மட்டும் சற்று வெளுத்துத் தெரிந்தது. லைனில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"ஊரு எடுத்துடுச்சி பாப்பா" என்றாள் கலைமதியிடம். "சூப்பர்வைசர் தம்பி நேத்து ஹாரனத் தூக்கிகினு ஊருக்கு வந்து, கண்ணால பாத்தத சொல்லிடுச்சி. தாம்பரத்துல பாத்தேன்னவன் செத்து எட்டு வருசம் ஆவுது. அவன் புள்ளதான் அப்பன் பொய் சொல்லிட்டான்னு எல்லாருக்கும் முன்னால சொன்னான். தோண்டிப் பாக்கணும்னு எழுதிக் குடுக்கப் போறாங்களாம். அது வரைக்கும் நான் இங்கதான் கழுவுவேன். எடத்த உட்டு எங்க போறது?"

ஐந்து மணிக்கு வாட்ச்மேன் ஒரு இரும்புத் துண்டைச் சுத்தியலால் அடித்தான். எல்லோரும் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். கலைமதி ஸ்டோரைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போனாள். அம்சவல்லி கேட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தி, சுத்தமாகக் கழுவின சொம்பில் நல்ல தண்ணீர் மொண்டு, மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் சுழித்து இறங்கியது. அடியில் எங்கோ அது போய்ச் சேர்ந்தபோது, ஒருமுறை தொண்டையைச் செருமுகிற மாதிரி சத்தம் வந்தது. இரண்டு பேரும் அதற்குப் பிறகு வர வேண்டியதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.