விளிம்பு தொட்ட கிண்ணம்

கீழே கடல் வெள்ளித் தகடென விரிந்து கிடக்க, மேலே தாய்மூ மலையின் கற்குன்றுகள் பனியைத் தோளினின்று நழுவவிட்டு ஒன்றன்பின் ஒன்றாய்த் தலைகாட்ட, இடைப்பட்ட சரிவெங்கும் தேயிலைச் செடிகள் இளவேனிலின் முதல் முகைகளை நீட்டி வெயிலுக்குக் காத்திருந்த முற்பகற்பொழுது அது. வடகாற்று வீசிற்று, இலை வாட்டுவதற்கு ஏற்ற நாள். வேறெந்த வீட்டுக் கூரையும் கண்ணிற்படாத உச்சி முற்றத்தில், மூங்கில் தட்டுகளில் முகைகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமற் பரப்பிவிட்டு, லான் யூமெய் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தூய்மையான பின்னும் கழுவிக்கொண்டேயிருந்தாள்.

முந்தைய நாள், கீழ்வீட்டுச் சோங் அக்கா படியேறி வந்து, வேலிக்கு அப்பாலிருந்தே கத்திவிட்டுப் போயிருந்தாள்.

"அடியே, டிரைவர் நாளைக்கு வர்றது தேயிலை வாங்க இல்ல, உன்னைக் கேட்க! புருஷன் போய் இத்தனை வருஷம் செடிகிட்ட பேசினது போதும். பிடிச்சிருந்தா வாயத் தொறந்து சொல்லு. மொறச்சுக்கிட்டு மட்டும் உட்காராத."

பிடித்திருந்தது. மனைவியை இழந்தவரும், மலைவழியில் பேருந்து ஓட்டி ஓய்ந்தவருமான லெய் தேமிங் ஆண்டுக்கொருமுறை வந்து ஒரு பொட்டலம் வாங்கிப்போவார். அவர் சிரித்துச் சென்ற பின் வீடு முன்னினும் பெரிதாகிவிடும். அந்த வெறுமைக்கு விருப்பம் என்று பெயரிட அவளுக்கு நெடுங்காலம் பிடித்தது.

அவர் வந்தார்; புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் வந்து அமர்ந்தார். அவள் முதலில் வெள்ளி ஊசி என்னும் தேயிலையை எடுத்தாள். முகை மட்டுமே ஆன, வெண்பஞ்சு போர்த்த அதனைக் கொதி தணிந்த நீரில் நனைத்து, நிறமென்று சொல்லத்தகாத நிறத்தில் ஊற்றினாள்.

"இது தண்ணியா, டீயா?" என்றார் அவர். "முப்பது வருஷமா டீசல் புகை குடிச்ச நாக்கு இது."

"எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி விழுங்கினா எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஸ்டாப்லயும் நின்னு போங்க, டிரைவரே."

அவர் நின்று நின்று பருகினார். தொண்டைக்குள் இறங்கிய பின்னர் மீண்டு எழும் அந்த மெல்லிய இனிப்பு கிட்டியபோது அவர் புருவம் உயர்ந்ததைக் கண்டு, நெடுநாள் பூட்டிய அறைக்குள் யாரோ விளக்கேந்தி வந்தாற்போல் அவள் நெஞ்சு துணுக்குற்றது. அடுத்து, முகையோடு இரண்டு இளந்தளிரும் சேர்ந்த வெள்ளை மூதான் என்னும் தேயிலையை ஊற்றினாள். "பூ வாசம் வருது, நான் சொல்றது சரியா?" என்று அவர் தயங்கிக் கேட்க, அவள் தலையசைத்தாள். இறுதியாக, முற்றிய இலையும் காம்புமாய்க் கிடந்து, ஆண்டுகளால் கருத்து இனித்த நெடுவாழ்வுப் புருவம் என்னும் பழந்தேயிலையை மண்கெண்டியில் இட்டுக் கொதிக்கவைத்தாள். உலர்ந்த இலந்தையின் மணம் எழுந்து இருவருக்கும் நடுவே நின்றது.

"இதுதான் எனக்குப் பிடிச்சது," என்றார் அவர். பின்பு கிண்ணத்தையே நோக்கியவாறு, "டவுன்ல என் வீட்டு மொட்டைமாடியில நல்ல வெயிலு. கடல் காத்தும் வரும். தட்டு பரப்ப எடமிருக்கு. சும்மா... சொல்லி வைச்சேன்" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. அவள் கெண்டியை எடுத்து ஊற்றினாள். தனக்கென மட்டுமே ஊற்றிப் பழகி, எழுந்து மீண்டும் ஊற்றும் வேலை மிச்சமாகட்டுமென நாள்தோறும் நிரப்பிப் பழகிய கை, அன்றும் விளிம்பு தொடும்வரை நிரப்பிவிட்டது.

அம்மலைகளில் விருந்தினர்க்கு முக்காலே ஊற்றுவர். நிறைகிண்ணம், 'பேச்சு முடிந்தது, எழலாம்' என்பதற்கு அவர்கள் கண்ட நாகரிகமான மொழி.

தேமிங் அதை நோக்கினார். இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டி நன்றி கூறினார். ஒரு துளியும் சிந்தாமல், சுடச்சுடப் பருகி முடித்தார்.

"சரி, கெளம்பறேன். மத்தியான பஸ்ஸைப் பிடிக்கணும்."

நண்பகலில் அவ்வழியே பேருந்து கிடையாது. அதனை அவரினும் நன்கு அறிந்தவர் எவர்? அவர் வாயிலைக் கடந்த பின்னரே அவள் அப்பொய்யை உணர்ந்தாள். அதன் பின்னரே, அது எதற்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதனையும் உணர்ந்தாள். முற்றத்தின் ஓரத்திற்கு ஓடினாள். செடிகளிடையே படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது அந்தப் புதுச்சட்டை.

"டிரைவரே!"

அவர் சட்டென்று திரும்பினார். அத்துணை விரைவாகத் திரும்புவார் என அவள் எண்ணவில்லை.

"என்ன யூமெய்?"

கை தவறிற்று என்று சொன்னாற் போதும். ஆயினும் தவறியது கைதானா? இன்னொருவர் மூச்சுக்கும் இருமலுக்கும் இடங்கொடுக்க அஞ்சிய ஏதோவொன்று, அவள் அறியாமல் அவளுக்காக விடை சொல்லிவிட்டதா? அவ்வினா ஒரு கணம் அவள் நாவைப் பற்றிக்கொண்டது. அந்தக் கணத்தில் அவர் முகம் மெல்ல அமைதியுற்றது.

"பாத்துப் போங்க," என்றாள். "படியில பாசி இருக்கு."

"சரிம்மா," என்றார். கையுயர்த்தினார், வளைவில் மறைந்தார்.

எவ்விலை எந்நீரில் எப்போது தன் மணத்தை அவிழ்க்கும் என்பதை ஒருவர் ஒரு வாழ்நாளிற் கற்றுவிடலாம். தன் நெஞ்சு அவிழும் பொழுதை அறிவதற்கோ அந்த வாழ்நாள் போதுவதில்லை. வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. அவள் வெறும் படிகளை நோக்கி, 'பிடிச்சிருக்கு' என்று, சொல்லாத சொல்லை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். அது மிக எளிதாயிருந்தது.