பிளம் சாராயம் காய்ச்சும் வாரம்

எதிர்வீட்டு ஸ்டிப்போவின் முற்றத்தில் காலையிலேயே செப்புக் கொப்பரை அடுப்பில் ஏறிவிட்டது. கொடியில் காயும் துணி, ஜன்னல் திரை, என் தலைமுடி, எல்லாவற்றிலும் பிளம் சாராய வாடை. தெருவில் இன்னும் நாலு வீட்டில் இதே வேலைதான்.

என் கணவன் வின்கோ ஈஸ்டருக்கு முன்பே குடியை விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவன் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் வாசலிலேயே முத்தமிடுவேன். முத்தம் அவனுக்கு. அவன் மூச்சு எனக்கு.

இன்று ஸ்டிப்போவுக்கு விறகு பிளக்கப் போனான். நான் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு கருகியது. அவன் வந்ததும் முகத்தை அருகில் கொண்டுபோனேன். ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை. டாக்டர் முன்னால் நிற்பதுபோல அசையாமல் நின்றான்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு கோட்டைக் கழற்றினான்.

சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எங்கள் சங்கம். குடியை விட்டவர்கள் வீட்டாரோடு வட்டமாக உட்காருவோம். ஆலோசகர் யாஸ்மின்கா வைத்திருப்பது ஒரே விதி: அவரவர் வாரத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

"வின்கோ இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அது வின்கோவோட வாரம்," என்றாள் யாஸ்மின்கா. "உங்க வாரம் எப்படிப் போச்சு?"

"எனக்குன்னு என்ன வாரம்? நானா குடிச்சேன்?"

லாரி ஓட்டும் ம்லாடன் சிரித்தான். "குடிக்காதவங்க பாடுதான் இங்க கஷ்டம், அக்கா. எங்களுக்காவது சொல்லக் கதை இருக்கு."

என் வாரத்துக்குள் தேடினேன். அங்கே நான் இல்லை. அவன் கோட்டுப்பை இருந்தது, அவன் தலையணை இருந்தது.

"மோந்து பார்த்தேன்," என்றேன். "கோட்டை, காபிக் கோப்பையை, அவனை. இன்னிக்கு ஊரே நாறுது. எதுவும் தெரியல. பயமா இருக்கு."

யாஸ்மின்கா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. வின்கோ பக்கம் திரும்பினாள். "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?"

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் இவ மூக்கை நம்பித்தான் இருந்தேன். கண்டுபிடிச்சிடுவாளேன்னுதான் இத்தனை நாள் தொடல. இன்னிக்கு முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஸ்டிப்போ கிண்ணத்தை நீட்டினான்."

"குடிச்சியா?"

வாயால் அவனிடம் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

"வாங்கினேன். கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தேன். அப்புறம் அடுப்புல ஊத்திட்டேன். குப்புன்னு எரிஞ்சுது. நல்ல சரக்கை வீணாக்கிட்டேன்னு ஸ்டிப்போ எங்கம்மாவை இழுத்துத் திட்டினான்."

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் சொன்ன சொல் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில் வழக்கம்போல நின்று முகத்தைக் காட்டினான். மூச்சை அடக்கிக்கொண்டு முத்தமிட்டேன்.

"மூச்சு விடு," என்றான். "மயக்கம் போட்டு விழுந்துடாத."

இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தேன்.